முதற் கணக்கும் முதல் எழுத்தும்

நாகரிகம் என்னும் சொல்லிலேயே நகரம் அடங்கியிருக்கிறது. ஆயினும் உலகின் மிகப் பழைய நகரங்களுட் பல எழுந்த நிலம், நகரமைத்தற்கு ஏற்றதென முதற்பார்வையில் எவரும் கூறார். இன்று ஈராக் என வழங்கும் நாட்டின் தென்பகுதியே அது. தைகிரிசு, யூபிரட்டீசு என்னும் இரு பேராறுகள் கொணர்ந்த வண்டலால் ஆகிய அச்சமவெளியிலே கல் அரிது, உலோகம் இல்லை, கட்டடத்துக்காகும் பெருமரமும் இல்லை. மழையை மட்டும் நம்பிப் பயிரிடவும் இயலாது. அங்கு இருந்தவை களிமண்ணும் நாணலும் ஆற்று நீருமே.

அந்நீரும் எளிதில் வசப்படவில்லை. நைல் நதி கோடையிற் பெருகி, விதைப்புக்கு முன் வடிந்து, உழவனுக்குத் துணைபுரிந்தது. இவ்விரு ஆறுகளோ மலைப்பனி உருகும் இளவேனிலில், கதிர் முற்றி அறுவடையை எதிர்நோக்கும் வேளையிற் பெருகின. எனவே வெள்ளத்தைத் தடுக்க வரம்பும், விதைப்புக்கு நீர் கொணர வாய்க்காலும் வேண்டியிருந்தன. இப்பணியே அரசைத் தோற்றுவித்தது என முன்னையோர் எழுதினர். பெருங்கால்வாய்கள் நகரங்கள் எழுந்த பின்னரே வெட்டப்பட்டன எனப் பிந்திய ஆய்வுகள் காட்டுவதால் அக்கூற்றை முழுவதும் ஏற்றல் தகாது. ஆனால் நீர் பாய்ந்த வண்டல் மிகுதியாக விளைந்தது என்பதில் ஐயமில்லை. அவ்விளைவே, ஏர் பிடியாத குயவருக்கும் நெசவாளருக்கும் பூசகருக்கும் சோறிட்டது.

அந்நகரங்களுள் தலையாயது உருக். கி.மு. 3200 அளவில் அது ஏறத்தாழ 600 ஏக்கர் பரப்பிற்கு விரிந்திருந்தது. அங்கு அகழ்ந்தவிடமெல்லாம் ஒரே வடிவினவான, அழகற்ற மண்கிண்ணங்கள் குவியல் குவியலாகக் கிடைக்கின்றன. வேலையாட்களுக்குத் தானியம் அளந்து கொடுத்த கிண்ணங்கள் அவை என்பர் பலர். உண்ணுதலைக் குறித்த பழைய குறியும் இக்கருத்துக்கு அரணாகிறது. மனிதத் தலையும் அதனருகே ஒரு கிண்ணமுமே அக்குறி.

சிற்றூரிலே யார் எவ்வளவு தந்தான், எவ்வளவு பெற்றான் என்பதை ஊரார் நினைவே காக்கும். பல்லாயிரவர் வாழும் நகரத்தில் அது நடவாது. 1912 இல் தொடங்கிய செருமானியரின் அகழ்வுகளால் உருக்கில் வெளிவந்த மிகப் பழைய களிமண் ஏடுகள் ஏறத்தாழ 5,000. அவற்றிலே கவிதை இல்லை, வழிபாட்டுரை இல்லை, வேந்தன் புகழும் இல்லை. பெரும்பாலானவை ஆடு, தானியம், மது, ஆட்கள் பற்றிய வரவுசெலவுக் கணக்குகளே.

இக்காலத்து ஏடு ஒன்று, 29,086 அளவு வாற்கோதுமை, 37 மாதங்கள், குஷிம் என்று மட்டும் கூறுகிறது. மது வடித்தற்குரிய தானியம் போலும். மூன்றாண்டுக்கு மேற்பட்ட வரவை எந்த நினைவு தாங்கும்? குஷிம் என்பது ஆளின் பெயரோ, அலுவலின் பெயரோ என்பதில் அறிஞர் ஒருமைப்பட்டிலர். ஆளின் பெயரேயாயின், நாமறிந்த மிகப் பழைய மனிதப் பெயர்களுள் ஒன்று வேந்தனுடையதன்று. களஞ்சியக் கணக்கப்பிள்ளை ஒருவனுடையது!

கணக்கல்லாத ஏடுகள் சொற்பட்டியல்கள். எழுதப் பழகுவோர் பார்த்தெழுதுதற்கென அமைந்தவை அவை. அவற்றுள் பதவிப் பெயர்ப் பட்டியல் ஒன்று பல நூற்றாண்டுகள் பெரிதும் மாறாது படியெடுக்கப்பட்டது. இலக்கியம் எனத்தக்கன களிமண்ணில் ஏறிய கி.மு. 2600 அளவிலும் மாணாக்கர் அதனை எழுதிக்கொண்டிருந்தனர்; அதிலுள்ள பதவிகள் சில அதற்குள் வழக்கொழிந்துவிட்டன.