தண்டும் பாசறையும்: நில அளவையாளர்தம் கானக முகாம்கள்

தண்டு என்னும் சொல்லுக்குப் படை என்பது பொருள். படை ஓரிடத்தில் தங்குவதைத் தண்டு இறங்குதல் என்பர். கோயம்புத்தூரில் தண்டு மாரியம்மன் எனத் தெய்வத்திற்கு அடையாய் நின்ற இச்சொல், பெங்களூரில் இடப்பெயராகவே நிலைத்துவிட்டது. 1809இல் ஆங்கிலேயர் தம் படையைக் காய்ச்சல் மிகுந்த சீரங்கப்பட்டினத்திலிருந்து பெயர்த்து நிறுவிய கண்டோன்மெண்ட் பகுதியைக் கன்னடர், தமிழர் ஆகிய இருசாராரும் தண்டு என்றே வழங்கினர். படையோடு வந்த சிப்பாய்கள், கூடாரம் அடிப்போர், சுமை தூக்குவோர், சமையற்காரர், வண்டியோட்டிகள் ஆகியோருள் தமிழர் மிகுதி. அவர்தம் வழியினர் வாழும் குடியிருப்புகளுள் ஒன்று அப்பகுதியின் தென்புறத்தே அமைந்த ஆஸ்டின் டவுன். ஒரு முகாமின் பெயரைத் தாங்கிய நகர்ப்பகுதியில் வாழும் இம்மக்களின் முன்னோர், வேறு எம்முகாம்களில் எவ்வாறு பணியாற்றினர் என்பது தமிழியல் ஆய்வில் போதிய கவனம் பெறாத பொருளாகும்.

பாசறை, பாடி, கட்டூர், பாடிவீடு, படைவீடு, பாளையம், தண்டு என முகாமைக் குறிக்கத் தமிழில் வழங்கும் சொற்கள் பல. இவை அனைத்தும் படைத்தொழில் சார்ந்தவை. படைவீடு முருகன் உறையும் தலமாகவும், பாளையம் ஊர்ப்பெயர் ஈறாகவும் பின்னர் விரிந்தன. பிற்காலத்தே வந்து சேர்ந்த முகாம், டேரா, லஸ்கர் ஆகிய அயற்சொற்களும் படைகளோடும் அரசு அலுவலோடும் வந்தவையே. இன்று மலைக்காட்டில் கூடாரமிட்டுத் தங்குதல் ஓய்வாகவும் இன்பமாகவும் கருதப்படுகிறது. மேற்காட்டிய சொற்களுள் ஒன்றேனும் அப்பொருளில் பிறந்ததன்று. தமிழ் மரபில் காட்டில் தங்குதல் வினை. வினைமேற் சென்ற பிரிவு.

இவ்வினைத் தங்கலைத் தமிழில் மிக விரிவாகக் காட்டுவது முல்லைப்பாட்டு. 103 அடிகளே கொண்டு, பத்துப்பாட்டுள் மிகச் சிறியதாய் விளங்கும் இப்பாட்டில் நப்பூதனார் பாசறை ஒன்றை அடித்தளத்திலிருந்து எழுப்பிக் காட்டுகிறார். காட்டாறு ஓடுமிடத்தில் புதர்கள் வெட்டப்படுகின்றன. வேடர்தம் காவலிடம் அழிக்கப்படுகிறது. முள்வேலி வளைக்கப்படுகிறது. தழை வேய்ந்த குடில்கள் தெருத்தெருவாக அமைகின்றன. அதன்பின் மாந்தர் வருகின்றனர்: வடசொற் கூறி யானையைப் பழக்கும் பாகர், இடையில் வாளைச் செருகிக்கொண்டு விளக்கிற்கு நெய்வார்க்கும் மகளிர், தூக்கக் கலக்கத்தோடு காவல் திரியும் முதிய மெய்காப்பாளர், நீர்க்கடிகை நோக்கிப் பொழுது கூறுவோர், கூடாரம் அமைக்கும் யவனர், வாய் பேசாது சைகையால் உணர்த்தும் மிலேச்சர். இவர்கள் அனைவருக்கும் பின்னரே, புண்பட்ட யானைகளையும் குதிரைகளையும் எண்ணித் துயில் கொள்ளாத அரசன் காட்டப்படுகிறான். முகாம் என்பது தலைவன் ஒருவன் தங்கும் இடமன்று, பலர்தம் உழைப்பால் நிற்பது என்னும் தெளிவு இவ்வரிசை முறையிலேயே அமைந்துள்ளது.

இப்பாட்டோடு ஒப்புநோக்கத்தக்க வரலாற்று முகாம் ஒன்று பெங்களூரிலேயே தோன்றியது. 1799இல் நான்காம் மைசூர்ப் போர் முடிந்தது. அப்போரில் 33ஆம் படைப்பிரிவின் அதிகாரியாகப் பங்கேற்ற வில்லியம் லாம்டன், தென்னிந்தியாவைக் கடற்கரை தொட்டுக் கடற்கரை வரை முக்கோணங்களால் அளக்கும் திட்டத்தை முன்வைத்தார். 1800 அக்டோபர் முதல் திசம்பர் வரை பெங்களூருக்குக் கிழக்கே, பாணசவாடிக்கும் அகரத்திற்கும் இடையே ஏறத்தாழ 7.43 மைல் நீளமுள்ள அடிக்கோடு அளக்கப்பட்டது. இன்றைய ஆஸ்டின் டவுனிலிருந்து கிழக்கே நடந்தால் அக்கோட்டின் தடத்தை எட்டிவிடலாம். 1802 ஏப்ரலில் சென்னைப் பரங்கிமலை அருகே அடுத்த அடிக்கோடு தொடங்கப்பட்டது. 1804இல் ஜான் வாரன் பெங்களூரில் மீண்டும் ஒரு கோடு அளந்து முந்தைய கணக்குகளைச் சரிபார்த்தார்.

தொல்காப்பியர் முல்லைத்திணைக்கு வஞ்சியைப் புறமாக வைத்தமை இங்கு நினைக்கத்தக்கது. மண்ணாசை கொண்டு படை செல்லுதல் வஞ்சி. காட்டில் அமையும் பாசறை இவ்விரு திணைகளுக்கும் பொதுவான நிலம். வென்ற மண்ணை அளந்து கணக்கிடும் அளவைப் படை, போரிடாத வஞ்சிப் படை எனத்தகும். கொடி, கூடாரம், காவலர், சுமையாளர் என அதன் உறுப்புகள் யாவும் போர்ப்படையினுடையவையே.

அடிக்கோடு சமவெளியில் அளக்கப்படும். முக்கோணங்களோ மலையுச்சிகளில் நிற்பவை. இலண்டனில் செய்யப்பட்ட லாம்டனின் பெரிய தியோடலைட் ஏறத்தாழ அரை டன் எடையுள்ளது. இந்தியாவுக்கு வரும் வழியில் பிரெஞ்சுக் கப்பலிடம் சிக்கி மொரீசியசுக்குச் சென்று மீண்ட கருவி அது. அதனை மலையுச்சிக்கு ஏற்றியவை மனிதத் தோள்களே. உச்சியில் பார்வைக்குத் தடையான மரங்களை வெட்ட வேண்டும். கருவி அசையாதிருக்க மேடை கட்ட வேண்டும். பல மைலுக்கு அப்பாலுள்ள வேறு உச்சிகளில் கொடியோடு ஆட்களை முன்னரே நிறுத்த வேண்டும். குன்றுகள் இல்லாத சோழநாட்டில் கோயில் கோபுரங்களே மலைகளாயின. 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலில் ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி மோதிச் சிதைந்ததும், லாம்டன் பல வாரங்கள் உழைத்து அதனைச் செப்பனிட்டதும் நில அளவை வரலாற்றில் பெரிதும் பேசப்படுவன. கயிற்றைப் பிடித்திருந்தவர்கள் அவ்வளவாகப் பேசப்படவில்லை.

பெங்களூரிலிருந்து மேற்கே சென்ற முக்கோணத் தொடர் குடகின் தடியண்டமோள், அதற்கு வடக்கே பல்லாளராயன் துர்கம் ஆகிய உச்சிகள் வழியாக மங்களூர்க் கடற்கரையை எட்டியது. தீவக்குறையின் அகலம் ஏறத்தாழ 400 மைல் என அதுவரையிலான நிலப்படங்கள் காட்டின. அளந்து பார்த்தபோது அது 360 மைலாகவே இருந்தது. அளவையாளர்க்கு இது பெருவெற்றி. எனினும் அவ்வெற்றியின் விலை மலைக்காட்டு முகாம்களில் கொடுக்கப்பட்டது. உதவியாளர் என்றி கேட்டர் உடல்நலம் கெட்டு நாடு திரும்பினார். ஊசல் ஆய்வால் பிற்காலத்தே புகழ்பெற்றவர் இவரே.

இந்நோய்க்கும் பருவத்திற்கும் உள்ள தொடர்பு சிறப்பாக நோக்கத்தக்கது. கோடையில் தூசியும் வெப்பப் புகையும் தொலைவிலுள்ள கொடியை மறைத்துவிடும். மழை பெய்து ஓய்ந்த இடைவெளிகளில்தான் வானம் கழுவிவிட்டாற்போல் தெளிந்து, முப்பது, நாற்பது மைலுக்கு அப்பாலுள்ள உச்சியும் கூர்மையாகத் தெரியும். ஆகவே அளவைப் படை மழைக்காலத்திலேயே காட்டிற்குள் புக வேண்டியிருந்தது. முல்லைக்குப் பெரும்பொழுது கார். வினைமேற் சென்றவன் வீடு திரும்புவதாகக் குறித்த பருவம் அது. அப்பருவத்திலும் அவன் பாசறையில் இருப்பதே முல்லைப் பாடல்களின் துயருக்குக் காரணம். அளவையாளர் முகாமில் இம்முறை தலைகீழாகிறது. திரும்ப வேண்டிய காரே இங்குப் புறப்பட வேண்டிய காலம். உழவும் விழவுமாக ஊர் இயங்கும் பருவத்தில், தனி உச்சி ஒன்றில் ஓலைக் குடிலில் கொடியைக் காத்துக்கொண்டு, தொலைவிலிருந்து வரும் ஆணைக்காக நாட்கணக்கில் இருந்தவன் கொடியாள். முல்லைக்குரிய இருத்தல் தலைவியின் ஒழுக்கம் என இலக்கணம் கூறும். வரலாற்றில் அது இக்கொடியாளின் தொழிலாயிற்று.

காட்டுக் காய்ச்சல் இம்முகாம்களைத் தொடர்ந்து தாக்கியது. 1818ஆம் ஆண்டின் இறுதியில் லாம்டனோடு சேர்ந்த சார்ச்சு எவரெஸ்டு, மறு ஆண்டில் கிருட்டிணைக்கும் கோதாவரிக்கும் இடைப்பட்ட ஏல்லபுரம் மலைக்காடுகளுக்கு அனுப்பப்பட்டார். மழைக்காலத்தில் அங்குத் தங்கிய அவரும், நிலவியலாளர் வாய்சியும், ஏறத்தாழ 150 பேர் கொண்ட பரிவாரமும் காய்ச்சலில் வீழ்ந்தனர். ஐதராபாத்திற்குத் தூக்கி வரப்படுகையில் பலர் இறந்தனர். எவரெஸ்டு 1820இல் நலம்பெற நன்னம்பிக்கை முனைக்குச் சென்றார். மீண்டவர்களுள் ஏனையோர்க்கு அத்தகைய வாய்ப்பு இல்லை. பின்னாளில் எவரெஸ்டு இரவில் விளக்கொளி கொண்டு நோக்கும் முறையைக் கையாண்டு, வறண்ட பருவத்திற்குப் பணியை மாற்றினார். தலைவன் நோயுற்ற பின்னரே முறை மாறியது என்பதைச் சொல்லாமல் விட இயலாது.

காய்ச்சலுக்குக் காரணம் காட்டின் நச்சுக்காற்று என்றே அக்காலத்தவர் நம்பினர். கொசுவின் பங்கு உறுதிப்பட 1897 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. செகந்திராபாத்தில் அதனைக் கண்ட ரொனால்டு ராசு, 1883இல் பெங்களூர்த் தண்டில் மருத்துவராக இருந்தபோதே தேங்கிய நீருக்கும் கொசுவுக்கும் உள்ள தொடர்பைக் கவனித்திருந்தார்.

மலைத் தங்கல் ஓய்வாக மாறிய வரலாறும் இக்காய்ச்சலிலிருந்தே தொடங்குகிறது. அடிவாரக் காடு கொல்லும், உச்சி காக்கும் என்பது பட்டறிவாயிற்று. 1819இல் கோயம்புத்தூர் ஆட்சியர் சான் சல்லிவன் நீலகிரி ஏறிக் கோத்தகிரி அருகே திம்பட்டியில் தங்கினார். பழனிமலையில் 1821இல் வார்டு அளவை செய்தார். நோயால் தம்மவரை இழந்துவந்த அமெரிக்க மதுரை மிஷனார் 1845இல் கொடைக்கானலில் வீடு கட்டினர். ஆளற்ற இயற்கை எனப் புதியவர் வியந்த நீலகிரியில் தோடரும் கோத்தரும் படகரும் வாழ்ந்துகொண்டுதான் இருந்தனர். முகாம் அமையுமிடம் எப்போதும் வேறொருவருடைய இடம் என்பதை நப்பூதனார் வேடர் காவலிடத்தின் அழிவைக் கூறி ஒளிவின்றிச் சொல்லியுள்ளார். மலைவாழிட வரலாறுகள் பலவற்றில் அந்த நேர்மை குறைவு.

இனி, பெயர் பற்றிய செய்தி. லாம்டனின் அறிக்கைகளில் சங்கிலியின் நீளம், அது மரப்பெட்டிகளில் கிடத்தப்பட்டபோதிருந்த வெப்பநிலை, கோணங்கள் ஆகியன நுணுக்கமாகப் பதிவாயுள்ளன. சங்கிலியைப் பிடித்தவர்கள் லஸ்கர், கலாசி, கொடியாள், கூலி எனத் தொழிலாலேயே சுட்டப்படுகின்றனர். இந்தியர் எவர் பெயரும் அளவைப் பதிவுகளில் வாரா எனக் கூறுதல் பிழை. அதே காலத்தில் மைசூரை அளந்த காலின் மெக்கன்சியின் துணைவரான காவலி வெங்கட போரய்யா, காவலி லட்சுமய்யா ஆகியோர் பெயர்கள் நன்கு அறியப்பட்டவை. சென்னை அளவைப் பள்ளியிலிருந்து வந்த யூரேசியரான சோசுவா தெ பென்னிங் லாம்டனின் உதவியாளராகப் பெயர் பெற்றார். எவரெஸ்டின் கருவிகளைச் செப்பனிட்ட ஆர்க்காட்டுச் சையது மீர் மொசின் உசேனும், கணக்கர் இராதாநாத் சிக்தாரும் அவ்வாறே. வாரன், 1825இல் வெளியான தம் காலசங்கலித நூலில், சோழிகளைத் தரையில் பரப்பிக் கிரகணம் கணித்த புதுச்சேரிப் பஞ்சாங்கக் கணியர் ஒருவரைப் பெயர் சுட்டிக் குறித்தார். இவற்றை ஒருங்கு வைத்துப் பார்க்கையில் ஒழுங்கொன்று புலனாகிறது. எழுதியவரும் எண்ணியவரும் பெயர் பெற்றனர். சுமந்தவரும் காத்திருந்தவரும் பெறவில்லை. இன வேறுபாடு ஒன்றையே காரணமாகக் கூறுவோர் இத்தொழில் வேறுபாட்டையும் கருத வேண்டும்.

முல்லைப்பாட்டிலும் பாகர், மகளிர், காவலர் எவர்க்கும் பெயரில்லை. ஆயின் அங்கே அரசனுக்கும் பெயரில்லை. அகத்திணையில் ஒருவரைச் சுட்டிப் பெயர் கூறலாகாது என்பது மரபு. நெடுநல்வாடையில் வேம்பு என்னும் அடையாளப் பூ வந்தமையாலேயே நச்சினார்க்கினியர் அதனைப் புறமாகக் கொண்டார். முல்லைப்பாட்டின் பாசறையில் வேந்தனும் விளக்கேற்றும் பெண்ணும் பெயரின்மையில் ஒத்தவர்கள். வினையாலும் உணர்வாலும் மட்டுமே வேறுபடுபவர்கள். அவ்வமைப்பில் காவலனின் தூக்கக் கலக்கம், வேந்தனின் தூக்கமின்மைக்கு நிகரான செய்தியாகிறது. அளவை அறிக்கையில் தலைவன் பெயர் பெற்று, ஏனையோர் தொழிற்பெயராகவே எஞ்சியதால் இந்நிகர்மை கெட்டது. அகமரபின் பெயரின்மை கலைநெறி. ஆவணத்தின் பெயரின்மை ஊதியப் படிநிலை. இரண்டையும் ஒன்றெனக் கொண்டு, பழந்தமிழ்ப் பாடலும் எளியோரை மறந்தது என முடிவுகட்டுவது பொருந்தாது.

ஆஸ்டின் டவுனுக்குப் பிற்காலத்தில் கன்னட அகராதியாசிரியர் கிட்டலின் பெயர் சூட்டப்பட்டது. மக்கள் வழக்கில் பழைய பெயரே நிற்கிறது. தண்டு என்னும் சொல்லும் அவ்வாறே முதியோர் நாவில் நிற்கிறது. முகாமையும் படையையும் குறித்த பாரசீக லஷ்கர், தமிழ்நாட்டில் லஸ்கர் என மருவி, கால்வாய் மதகுகளைக் காத்துத் திறந்து மூடும் கடைநிலைப் பணியாளரின் பதவிப் பெயராக வழங்கிவருகிறது.