கோடிகளில் வீரர்கள்: கொடுத்த காசு தேறியதா?

தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு போகும் மின்சார ரயிலில் கூடுவாஞ்சேரியைத் தாண்டினால் பொத்தேரி. கல்லூரி நாட்களில் அங்கே பாதி ரயில் காலியாகிவிடும். இறங்குபவர்களில் பெரும்பாலோர் எஸ்.ஆர்.எம். மாணவர்கள். அந்தக் கல்லூரியில் கட்டடக்கலை படித்த ஒருவரை 2018 டிசம்பர் 18 அன்று ஜெய்ப்பூரில் நடந்த ஐ.பி.எல். ஏலத்தில் 8 கோடியே 40 லட்சம் ரூபாய்க்கு வாங்கினார்கள். அவருடைய அடிப்படை விலை 20 லட்சம்தான். அதாவது 42 மடங்கு! ஜெய்தேவ் உனத்கட்டோடு சேர்ந்து அந்த ஏலத்தின் மிக உயர்ந்த விலையும் அதுவே. அவர் பெயர் வருண் சக்கரவர்த்தி. அதுவரை அவர் ஒரு ஐ.பி.எல். ஆட்டம்கூட ஆடியதில்லை.

ஒரு ஆளுக்கு இவ்வளவு காசா என்ற கேள்வி ஐ.பி.எல்.லோடு பிறந்ததல்ல. 1905-ல் இங்கிலாந்தில் ஆல்ஃப் காமன் என்ற கால்பந்து வீரரை சண்டர்லேண்ட் கிளப்பிடமிருந்து மிடில்ஸ்பரோ கிளப் 1,000 பவுண்டுக்கு வாங்கியது. உலகிலேயே ஆயிரம் பவுண்டு விலை போன முதல் வீரர் அவர். ஊரெல்லாம் திட்டித் தீர்த்தார்கள். ஆனால் கீழ்ப் பிரிவுக்குத் தள்ளப்படும் நிலையில் இருந்த மிடில்ஸ்பரோ அந்த ஆண்டு தப்பித்துவிட்டது. 2017-ல் நெய்மாருக்காக பாரிஸ் அணி பார்சிலோனாவுக்குக் கொடுத்தது 22 கோடியே 20 லட்சம் யூரோ. எந்த ஐரோப்பியக் கோப்பைக்காக அந்தப் பணத்தைக் கொட்டினார்களோ அது நெய்மார் இருந்த ஆறு ஆண்டுகளில் வரவில்லை. அவர் போய் இரண்டு ஆண்டுகள் கழித்து, 2025-ல் வந்தது!

கால்பந்துக்கும் ஐ.பி.எல்.லுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. கால்பந்தில் அந்தத் தொகை வீரரை விற்கும் கிளப்புக்குப் போகிறது. வீரரின் சம்பளம் தனிக் கணக்கு. வாங்கிய கிளப் நாளைக்கு அவரை இன்னொரு கிளப்புக்கு விற்று, போட்ட பணத்தைத் திரும்ப எடுக்கலாம். ஐ.பி.எல். ஏலத்தில் சொல்லப்படும் விலையோ வீரரின் சம்பளம். அதோடு எல்லா அணிக்கும் ஒரே அளவு பை. ஒருவருக்கு அள்ளிக் கொடுத்தால் அடுத்தவருக்குக் கிள்ளிக் கொடுக்க வேண்டியதுதான். ஆக இங்கே "வொர்த்தா?" என்று கேட்பதற்கு, அதே பணத்தில் வேறு யாரை எடுத்திருக்கலாம் என்று பொருள்.

இந்தக் கணக்கை முதலில் சரியாகப் போட்டது சென்னைதான் என்று சொல்லலாம். 2008 பிப்ரவரி 20, மும்பை. ஒவ்வொரு அணியின் பையிலும் 50 லட்சம் டாலர். சச்சின், திராவிட், கங்குலி போன்றவர்களை 'ஐகான்' வீரர்கள் என்று அந்தந்த ஊர் அணிக்கே ஒதுக்கிவிட்டார்கள். ஆனால் ஒரு நிபந்தனை: அணியில் மிக அதிகம் வாங்குபவரைவிட ஐகானுக்கு 15 சதவீதம் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். சென்னைக்கு ஐகானே இல்லை. இது குறை மாதிரி தெரியும், ஆனால் அதுதான் வசதியாகப் போனது. தோனியை 15 லட்சம் டாலருக்கு (அன்றைக்குச் சுமார் 6 கோடி ரூபாய்) ஐகான் உள்ள அணி எடுத்தால், ஐகானுக்கு 17.25 லட்சம் டாலர் தர வேண்டும். இரண்டு பேருக்கே 32 லட்சத்துக்கு மேல் போய்விடும். மிச்ச அணியை எதைக் கொண்டு கட்டுவது? சென்னைக்கு அந்தத் தலைவலி இல்லை. தோனி வந்தார். அன்றைய ஏலத்தின் சாதனை விலை அதுதான். அவர் தலைமையில் 2010, 2011, 2018, 2021, 2023 என ஐந்து கோப்பைகள். (முதல் ஆண்டு இறுதிப் போட்டியில் சென்னையைத் தோற்கடித்தது யார் தெரியுமா? ஏலத்தில் மிகக் குறைவாகச் செலவழித்த ராஜஸ்தான்!)

அடுத்த ஆண்டே அதே சென்னை சறுக்கியது. 2009 பிப்ரவரியில் கோவாவில் நடந்த ஏலத்தில் இங்கிலாந்தின் ஃப்ளின்டாஃப்புக்கு 15.5 லட்சம் டாலர். பெங்களூர் எடுத்த பீட்டர்சனுக்கும் அதே விலை. இருவருமாகச் சேர்ந்து தோனியின் சாதனையை முறியடித்தார்கள். ஃப்ளின்டாஃப் ஆடியது மூன்றே ஆட்டம். 62 ரன், 2 விக்கெட். பிறகு முழங்கால் காயத்தோடு ஊருக்குப் போனவர் மறுபடி ஐ.பி.எல். பக்கம் வரவே இல்லை. ஃப்ளின்டாஃப் சாதாரண ஆட்டக்காரர் அல்ல. 2005 ஆஷஸ் தொடரைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். ஆனால் அவர் உடம்பு படுத்துவது அன்றே ஊரறிந்த விஷயம். மைதானத்தில் நிற்க முடியாத வீரர் எவ்வளவு பெரியவராக இருந்து என்ன?

அந்தப் பாடம் மறந்துபோயிருக்க வேண்டும். 2022 டிசம்பரில் கொச்சி ஏலத்தில் மறுபடி ஒரு இங்கிலாந்து ஆல்ரவுண்டர், பென் ஸ்டோக்ஸ், 16.25 கோடி. பையில் இருந்த 95 கோடியில் ஆறில் ஒரு பங்குக்கு மேல். 2023-ல் அவர் ஆடியது இரண்டு ஆட்டம். எடுத்தது 15 ரன். போட்டது ஒரே ஓவர், அதில் 18 ரன் போனது. அதே கொச்சி ஏலத்தில் யாரும் சீண்டாத ரஹானேவைச் சென்னை அடிப்படை விலையான 50 லட்சத்துக்கு எடுத்திருந்தது. அவர் அந்தத் தொடரில் 326 ரன் குவித்தார், அதுவும் 100 பந்துக்கு 172 என்ற வேகத்தில். கோப்பை சென்னைக்கு வந்தது. இறுதிப் போட்டியின் கடைசி இரண்டு பந்தில் சிக்ஸரும் பவுண்டரியும் அடித்த ஜடேஜா, 2012 ஏலத்தில் சென்னை 20 லட்சம் டாலர் கொடுத்து எடுத்தவர். அந்த ஏலத்தின் உச்ச விலை அது. பலரும் கேலி செய்த விலையும்கூட. பதினோரு வருஷம் கழித்துப் பார்த்தால் அது கொள்ளை மலிவு!

சரி, பொத்தேரிக்காரருக்கு வருவோம்.

வருண் பள்ளியில் விக்கெட் கீப்பர். பெரிய அணிகளில் இடம் கிடைக்காமல் கிரிக்கெட்டை விட்டுவிட்டு கட்டடக்கலை படிக்கப் போனார். படித்து முடித்து கட்டட வடிவமைப்பு வேலையும் பார்த்தார். (2014-ல் வந்த 'ஜீவா' படத்தில் கிரிக்கெட் வீரராகச் சின்ன வேடத்தில் தலைகாட்டியிருக்கிறார்!) 25 வயதுவாக்கில் வேகப்பந்து வீச்சாளராகத் திரும்பி வந்தார், முழங்கால் போனது. வேகம் முடியாது என்றானதும் சுழலுக்கு மாறினார். 2017-18-ல் ஜூபிலி கிரிக்கெட் கிளப்புக்காக சென்னை லீக்கின் நான்காம் டிவிஷனில் 31 விக்கெட். 2018-ல் டி.என்.பி.எல். கோப்பையை வென்ற மதுரை அணியில் இடம். அங்கே ஓவருக்கு ஐந்து ரன்கூடக் கொடுக்காத சிக்கனம். அந்த ஆண்டு முடிவதற்குள் 8.4 கோடி.

அவரை எடுத்தது பஞ்சாப். அப்போது அதன் கேப்டன் நம்ம அஷ்வின். 2019 மார்ச் 27, கொல்கத்தாவின் ஈடன் கார்டன். முதல் ஓவரிலேயே நரைன் வெளுத்து வாங்கியதில் 25 ரன். மொத்தம் 3 ஓவர், 35 ரன், 1 விக்கெட். பிறகு காயம். அந்த சீசனில் அவர் ஆடியது அந்த ஓர் ஆட்டம்தான். ஆண்டு முடிவில் பஞ்சாப் அவரை விடுவித்தது. டிசம்பர் ஏலத்தில் கொல்கத்தா பாதி விலைக்கும் குறைவாக, 4 கோடிக்கு எடுத்துக்கொண்டது.

அங்கேதான் கதை திரும்பியது. 2020-ல் 17 விக்கெட், அதில் டெல்லிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 20 ரன்னுக்கு 5. 2021-ல் 18. கொல்கத்தா 8 கோடி கொடுத்துத் தக்கவைத்தது. 2023-ல் 20, 2024-ல் 21. பஞ்சாப் கொடுத்த விலை தப்பு என்று இப்போது சொல்ல முடியுமா? ஆளைச் சரியாகத்தான் கண்டுபிடித்தார்கள். காத்திருக்கத்தான் பொறுமை இல்லை. விலை கொடுத்தது ஒருவர், பலன் எடுத்தது இன்னொருவர்.

2024 மே 26 அன்று சேப்பாக்கத்தில் நடந்த இறுதிப் போட்டி இந்தக் கேள்விக்கென்றே வைத்த மாதிரி இருந்தது. ஒரு பக்கம் ஹைதராபாத், கேப்டன் 20.5 கோடி கம்மின்ஸ். எதிரே கொல்கத்தா, அதில் 24.75 கோடி ஸ்டார்க். இரண்டுமே 2023 டிசம்பரில் ஒரே நாளில் விழுந்த சாதனைகள். தொடரின் முதல் பாதியில் அடிவாங்கிக்கொண்டிருந்த ஸ்டார்க், அன்று 14 ரன்னுக்கு 2 விக்கெட் எடுத்து ஆட்ட நாயகன் ஆனார். ஹைதராபாத் 113-க்குச் சுருண்டது. விலை தேறிவிட்டது என்றார்கள். சும்மா ஒரு கணக்கு: அந்த சீசனில் ஸ்டார்க்கின் 17 விக்கெட்டுக்கு, விக்கெட் ஒன்று சுமார் 1.45 கோடி. வருணின் 21 விக்கெட்டுக்கு, ஒன்று சுமார் 38 லட்சம். கோப்பை வந்த பிறகு கொல்கத்தா யாரை வைத்துக்கொண்டது? ஸ்டார்க்கை விட்டுவிட்டது, அடுத்த ஏலத்தில் டெல்லி 11.75 கோடிக்கு எடுத்தது. வருணைத் தக்கவைக்க 12 கோடி கொடுத்தது. 2025 மார்ச்சில் சாம்பியன்ஸ் டிராபியில் நியூசிலாந்துக்கு எதிராக இந்தியாவுக்காக 5 விக்கெட் எடுத்தவரும் இதே வருண்தான்.

இந்தக் கோடிகளில் யாரும் கேட்காத ஒரு பங்கு இருக்கிறது. கால்பந்தில் 2001 முதல் ஒரு விதி உண்டு. ஒப்பந்தக் காலத்துக்குள் ஒரு வீரர் வேறு நாட்டு கிளப்புக்குக் கைமாறும்போது, தொகையில் 5 சதவீதம், 12 வயது முதல் 23 வயது வரை அவரை வளர்த்த கிளப்புகளுக்குப் பிரித்துத் தரப்பட வேண்டும். ஐ.பி.எல். விலை சம்பளம் என்பதால் அதே விதியை அப்படியே இங்கே பொருத்த முடியாது. வருண் ஜூபிலிக்கு ஆடும்போது 23 வயதும் தாண்டிவிட்டது. இருந்தாலும் கணக்கு போட்டுப் பார்க்கலாம். 8.4 கோடியில் 5 சதவீதம் 42 லட்சம். நான்காம் டிவிஷனில் ஆடும் ஒரு கிளப்புக்கு அது எத்தனை வருஷத்துப் பந்து, எத்தனை வருஷத்து வலை, எத்தனை ஞாயிற்றுக்கிழமை மைதான வாடகை!