குண்டு துளைத்த கலை

1900-ஆம் ஆண்டில் சீனத்துப் பாக்ஸர் கலகக்காரர்கள், முஷ்டிப் பயிற்சியும் மந்திரமும் சேர்ந்தால் துப்பாக்கிக் குண்டு உடம்பில் இறங்காது என்று நம்பினார்கள். பாவம், இறங்கியது! எட்டு நாட்டுப் படைகள் பீகிங்குக்குள் புகுந்தன. மறு வருஷம் சீனாவின் தலையில் 45 கோடி டேல் வெள்ளி அபராதம் விழுந்தது.

அந்தச் சண்டைக் கலை அத்தோடு செத்திருக்க வேண்டும். சாகவில்லை. 1910-இல் ஷாங்காயில் ஜிங்வூ சங்கம் தோன்றி, ஆசான்கள் ரகசியமாகக் காத்த வித்தையைப் பலருக்கும் தேகப்பயிற்சியாகக் கற்றுக் கொடுத்தது. 1956-இல் கம்யூனிஸ்ட் அரசாங்கமே தாய்ச்சி என்ற முறையை 24 அசைவுகளாகச் சுருக்கியது. பழைய சிஷ்யர்களுக்கு இது கோபமூட்டலாம், எனக்கு இல்லை. குண்டைத் தடுக்காத கலை, வயோதிகர்கள் தடுக்கி விழுவதைக் குறைக்கிறது என்று மருத்துவர்கள் சோதித்துச் சொல்கிறார்கள். விடியற்காலையில் பூங்காவில் நிதானமாகக் கை வீசி நகரும் சீனத்துப் பாட்டிகளைப் பார்த்திருந்தால், அந்தக் கலகக்காரர்கள் சிரித்திருப்பார்களோ, என்னவோ!