நான்கு மாற்றங்களும் ஒரு பெயரும்

2011 ஏப்ரல் 2ஆம் திகதி மும்பையில் நடந்த உலகக் கிண்ண இறுதிப் போட்டியில் இலங்கை இந்தியாவிடம் தோற்றது. அரையிறுதியில் வென்ற அணியில் நான்கு மாற்றங்கள். மெத்தியூஸ் காயமுற்றிருந்தார், சரி. அரையிறுதியில் மூன்று விக்கெட்டுகள் எடுத்த அஜந்த மெண்டிஸை ஏன் நீக்கினர்? ஹட்டன் தேநீர்க் கடைகளில் நான் கேட்ட வாதமெல்லாம் இதுவே.

காயத்தோடு ஆடி, எட்டு ஓவர்களில் 39 ஓட்டங்கள் கொடுத்து, விக்கெட் எதுவும் பெறாத முரளிதரனை அங்கே எவரும் குறை கூறவில்லை. காரணம் வரலாற்றில் உள்ளது. அவருடைய பாட்டனார் 1920இல் தமிழகத்திலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவர். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அம்மக்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. அவர்களின் பேரன் அந்நாட்டுக்காக ஆடிய கடைசி ஒருநாள் ஆட்டம் அது. பட்டியலில் எந்தப் பெயரையும் வெட்டத் துணிந்த ரசிகர்கள், அந்த ஒரு பெயரை மட்டும் தொடவில்லை.