வெளிர்நிறக் கோதிக் அலங்காரம்: எந்த நகை, எந்தக் கல், எப்படி அணிவது?

கறுப்பு உடை, மண்டையோட்டு மோதிரம், கழுத்தில் கனத்த சிலுவை என்று அறியப்பட்ட கோதிக் அலங்காரம் இப்போது வெளிர் ஊதாவுக்கும் இளஞ்சிவப்புக்கும் சாம்பல் கலந்த நீலத்துக்கும் மாறியிருக்கிறது. உடையின் பொருத்தத்துக்கு நகை தெரிவு செய்வதைப் பற்றி என்னிடம் பேசும் இளம்பெண்கள் சிலர் இந்த வெளிர்நிறக் கோதிக்கைத்தான் கேட்கிறார்கள். அவர்களுடைய அம்மாமார் கேட்பதோ வேறு: "இதென்ன பிள்ளை இழவுக்கோலம்?"

அந்தக் கேள்வியைச் சிரித்துத் தள்ள முடியாது. கணவனையும் பிள்ளையையும் பறிகொடுத்து, நெற்றிப் பொட்டையும் கழுத்துத் தாலியையும் இழந்த பெண்கள் இருக்கும் வீடுகள் எங்களுடையவை. அங்கே துக்கத்தின் அடையாளத்தை அழகுக்காக அணிவது கண்ணை உறுத்தும். ஆனால் இந்த நிறங்களின் வரலாற்றைப் பார்த்தால், அவை துக்கத்தை விளையாட்டாக்க வந்தவை அல்ல என்பது தெரியும்.

இந்தப் பாணி எங்கிருந்து வந்தது?

கோதிக் என்ற இளையோர் பாணி 1970களின் கடைசியில் இங்கிலாந்தின் இசைக்குழுக்களோடு பிறந்தது. பௌஹவுஸ் குழுவின் முதல் இசைத்தட்டு 1979இல் வெளிவந்தது. 1982இல் லண்டனில் தொடங்கிய பேட்கேவ் விடுதி இந்தப் பாணிக்காரர் கூடும் இடமாயிற்று. ஜப்பானில் மனா என்ற இசைக்கலைஞர் 1999இல் தொடங்கிய உடை நிறுவனம், கோதிக்கின் இருளைச் சிறுமியரின் சரிகைச் சட்டையோடு சேர்த்தது. 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் டம்ப்ளர் தளம் வழியாக வெளிர்நிறக் கோதிக் பரவியது. வௌவால், பிறை, சிலுவை, எலும்பு ஆகிய வடிவங்கள் மாறவில்லை. நிறம் மட்டும் வெளிறியது.

அரைத் துக்கத்தின் நிறங்கள்

நகைகளைப் பொறுத்தவரை கோதிக்கின் வேர் இன்னும் பழையது. 1861 டிசம்பர் 14 அன்று இளவரசர் அல்பேர்ட் இறந்தார். அவருடைய மனைவி விக்டோரியா மகாராணி 1901இல் தான் இறக்கும்வரை கறுப்பே உடுத்தினார். அரசியைப் பார்த்து நாடே துக்க நகை அணிந்தது. விற்பி என்ற கடற்கரை ஊரில் கிடைத்த ஜெட் என்னும் கரிய பொருளில் மாலைகளும் ஊசிகளும் செய்யப்பட்டன. ஜெட் உண்மையில் கல் அல்ல. பல கோடி ஆண்டுகள் மண்ணில் புதைந்து இறுகிய மரம். இறந்தவரின் தலைமயிரைச் சிறு பேழைப் பதக்கத்தில் வைத்து மார்பில் அணியும் வழக்கமும் இருந்தது.

ஆனால் கறுப்பு நிரந்தரமானதாக இருக்கவில்லை. சாதாரணக் கைம்பெண்ணுக்கு முழுத் துக்கக் காலம் முடிந்ததும் 'அரைத் துக்கம்' என்றொரு கட்டம் இருந்தது. அப்போது சாம்பல், வெளிர் ஊதா, வெள்ளை நிறங்களை உடுத்தலாம். முத்தும் செவ்வந்திக்கல்லும் அணியலாம். முத்து கண்ணீரைக் குறித்தது. துக்கம் தீரவில்லை, ஆனாலும் வெளியே வருகிறேன் என்று வாய்திறந்து சொல்லாமல் ஊருக்கு அறிவிக்கும் நிறங்கள் இவை. இன்று வெளிர்நிறக் கோதிக் நகைப்பெட்டியைத் திறந்தால் பெரும்பாலும் அதே நிறங்கள்தான் இருக்கின்றன.

எங்கள் வழக்கத்தில் இந்த நடுக்கட்டம் இல்லை. கணவன் இருந்தால் தாலியும் பொட்டும். இறந்தால் வெள்ளைச் சேலையும் வெறுங்கழுத்தும். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் மனைவியர் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறார்கள். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய தொடர் போராட்டத்தில் கையில் படத்தோடு அமர்ந்த பெண்களுக்கு, பொட்டு வைப்பதா அழிப்பதா என்பதே ஆண்டுக்கணக்காகத் தீராத கேள்வி. அந்த நடு இடத்துக்கும் ஒரு நிறம் இருக்கலாம் என்பதை இந்தப் பாணி எனக்கு நினைவூட்டுகிறது. அணியச் சொல்லி யாரையும் நான் வற்புறுத்தவில்லை. அணிகிறவளைப் பழிக்கத் தேவையில்லை என்று மட்டும் சொல்கிறேன்.

பல்லேகமவின் வெளிர் கற்கள்

இணையத்தில் விற்கும் வெளிர்நிறக் கோதிக் நகைகளில் பெரும்பாலானவை பிளாஸ்டிக்கும் ரெசினும்தான். இதே நிறங்களில் உண்மையான கற்கள் எங்கள் தீவிலேயே விளைகின்றன. மாத்தளை மாவட்டத்தில், நக்கிள்ஸ் மலைத்தொடரின் பக்கத்தில் இருக்கிறது லக்கல பல்லேகம. களு கங்கை நீர்த்தேக்கத் திட்டத்துக்காகப் பழைய ஊரை விட்டுப் புதிய நகருக்குக் குடிமாறிய பகுதி அது. இடம்பெயர்வு என்ற சொல்லை எங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அங்கே அது போரால் அல்ல, நீரால் வந்தது.

இந்தக் களு கங்கை, களுத்துறையில் கடலோடு கலக்கும் ஆறு அல்ல. அம்பன் கங்கையோடு சேரும் வேறோர் ஆறு. 'களு' என்றால் சிங்களத்தில் கறுப்பு. இந்த இரண்டு ஆறுகளையும் ஒட்டி, மாத்தளை, பொலன்னறுவை மாவட்டங்களில் பரந்திருப்பதுதான் எலஹெர இரத்தினக்கல் வயல். மண்ணுக்கு அடியிலுள்ள சரளைப் படையைக் குழி தோண்டி எடுத்து, கூடையில் அரித்துக் கற்களைப் பிரிக்கிறார்கள். நீலக்கல், ஸ்பினல், கார்னெட் ஆகியவை அங்கே கிடைக்கின்றன.

இலங்கை நீலக்கற்களில் வெளிறிய நீலமும், ஸ்பினலில் சாம்பல் ஊதாவும் சாதாரணமாகக் காணப்படுபவை. நிறம் ஆழமாக ஆக விலை ஏறும் என்பதால், வெளிர் கல் ஒப்பீட்டளவில் மலிவு. பால்போல மங்கிய 'கெவுட' கற்கள் ஒருகாலத்தில் மதிப்பில்லாமல் கிடந்தன. 1970களில் தாய்லாந்து வியாபாரிகள் அவற்றை வாங்கிக் கடும் வெப்பத்தில் சூடாக்கி, ஆழ்ந்த நீலமாக்கி விற்றார்கள். வெளிர்நிறக் கோதிக்குக்கோ சூடாக்காத மங்கல் கல்லே பொருத்தம்.

வீட்டில் சாத்திரம் பார்ப்பவர்கள் நீலக்கல் என்றதும் சனியை நினைத்துத் தயங்குவார்கள். அவர்களுக்கு ஸ்பினல் நல்ல மாற்று. அது நவரத்தினங்களில் சேராத கல். 

எப்படி அணிவது?

நான் சொல்லும் முதல் விதி: இருண்டது ஒன்று, வெளிறியது இரண்டு. கழுத்தை ஒட்டி ஒரு கறுப்பு வெல்வெட் பட்டி கட்டினால், காதிலும் விரலிலும் வெளிர் கற்கள் போதும். மூன்றும் இருண்டால் அது பழைய கோதிக். மூன்றும் வெளிறினால் குழந்தைப் பிள்ளையின் அலங்காரமாகிவிடும்.

உலோகத்துக்கு வெள்ளியே சிறந்தது. 92.5 வீத வெள்ளியில் செய்து, செதுக்கல்களில் கறுப்பேற்றிய நகை வெளிர் கல்லை எடுத்துக் காட்டும். மலிவான கலப்பு உலோகத்தில் நிக்கல் இருந்தால் தோல் அரிக்கும். எங்கள் வெயிலிலும் வியர்வையிலும் அது விரைவில் தெரிந்துவிடும்.

சங்கிலிகளை அடுக்கும்போது நீளம் வேறுபட வேண்டும். 35 முதல் 40 சென்ரிமீற்றர் பட்டி ஒன்று, 45 சென்ரிமீற்றரில் சிறு பிறைப் பதக்கம் ஒன்று, 60 சென்ரிமீற்றரில் மெல்லிய சங்கிலி ஒன்று. சேலை என்றால் நடுச் சங்கிலியை விட்டுவிடுங்கள். முந்தானை மடிப்பில் சிக்கும். சாம்பல் அல்லது வெளிர் ஊதாப் பருத்திச் சேலைக்குக் கறுப்பேற்றிய வெள்ளி ஜிமிக்கியும், ஒற்றை முத்து மூக்குத்தியும் போதும். பஞ்சாபி அணிபவர்கள் கொலுசைச் சேர்க்கலாம்.

சிலுவை சிலருக்கு வழிபாட்டுப் பொருள் என்பதை மறக்க வேண்டாம். மண்டையோட்டையும் எலும்பையும் நினைவேந்தல் நாட்களிலும் துக்க வீடுகளிலும் தவிர்ப்பது நல்லது. சாவை நேரில் கண்டவர்கள் முன்னால் அது வெறும் வடிவம் ஆகாது. பிறை, இலை, அந்துப்பூச்சி ஆகியவை அதே உணர்வைத் தரும், யாரையும் காயப்படுத்தாது.

கல்லுக்கு ஏற்ற இடம்

கல்லின் கடினத்தை 1 முதல் 10 வரையான மோஸ் அளவால் குறிப்பார்கள். நீலக்கல் 9, ஸ்பினல் 8. இரண்டையும் தினமும் அணியும் மோதிரத்தில் பதிக்கலாம். செவ்வந்திக்கல்லும் இளஞ்சிவப்புப் படிகமும் 7. நீண்ட நேரம் வெயிலில் கிடந்தால் இவற்றின் நிறம் வெளிறக்கூடும். சந்திரகாந்தக்கல் 6 முதல் 6.5, அடிபட்டால் பிளக்கும். எனவே தோட்டுக்கும் பதக்கத்துக்குமே அது ஏற்றது. முத்து இவை எல்லாவற்றையும் விட மென்மையானது. வாசனைத் திரவியம் பூசி முடித்த பிறகு கடைசியாக அணிந்து, முதலில் கழற்றுங்கள்.

இலங்கையில் கல் வாங்கும்போது, தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகார சபையின் அனுமதிப்பத்திரம் உள்ள வியாபாரியிடமே வாங்குங்கள். கல் இயற்கையானதா, சூடாக்கப்பட்டதா என்பதைப் பற்றுச்சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

வீட்டில் மிஞ்சிய தங்கம்

எங்கள் பெண்களுக்கு நகை வெறும் அலங்காரம் அல்ல. சீதனம், சேமிப்பு, ஆபத்துக்கு அடகு. இடம்பெயர்வில் அதை விற்றும் அடகு வைத்தும் புதைத்தும் உயிரைக் காத்தவர்கள் பலர். போரின் முடிவில் மீட்கப்பட்டதாகச் சொல்லப்படும் பொன், வெள்ளி நகைகளை இராணுவம் 2025 மே மாதத்தில்தான் காவற்றுறையிடம் ஒப்படைத்தது. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு கழுத்தோ ஒரு காதோ இருந்திருக்கும்.

ஆகவே அம்மாவிடம் மிஞ்சியிருக்கும் ஒரு சோடித் தோட்டை, பாணிக்குப் பொருந்தவில்லை என்று உருக்க வேண்டாம். 22 கரட் மஞ்சள் தங்கம் வெள்ளியோடு ஒரே கழுத்தில் சேராதுதான். ஆனால் காதில் தங்கத் தோட்டைத் தனியாக விட்டு, கழுத்திலும் கையிலும் மட்டும் வெள்ளியும் வெளிர் கல்லும் அணிந்தால் இரண்டும் மோதாது. "இதென்ன கோலம்" என்று கேட்கும் அம்மாவும், பிள்ளையின் காதில் தன் தோடு இருப்பதைக் காண்பார்.