இனிப்பு விற்றவர் சுவைத்த கசப்பு

கிரேக்கம் என்றதும் நம் நினைவுக்கு வருவோர் யாவர்? நஞ்சுக் கோப்பையை ஏந்திய சாக்ரடீஸ். அவர் மாணவர் பிளேட்டோ. வாளேந்திப் புறப்பட்ட அலெக்சாண்டர். அவர்களைப் பற்றி ஏடுகள் ஏராளம். ஆனால், அதே மண்ணிலிருந்து மூட்டை முடிச்சுடன் கப்பலேறி, அமெரிக்கச் சிற்றூர்களின் கடைத்தெருவிலே மிட்டாய்க் கடை வைத்த உழவர் வீட்டுப் பிள்ளைகளைப் பற்றிப் பேசுவோர் எத்தனை பேர்? மன்னன் படையெடுத்தால் வரலாறு. ஏழை பிழைப்புத் தேடிக் கடல் கடந்தால் அது வரலாறு அல்லவா? வரலாறுதான் என்கிறோம் நாம்.

அவர்கள் ஏன் ஊரை விட்டார்கள்? கிரேக்கத்தின் தென்பகுதியான பெலொப்பொனீசு உழவர்கள், உலர்த்தி விற்கும் சிறு திராட்சையையே பெரிதும் நம்பி வாழ்ந்தனர். பிரெஞ்சுத் தோட்டங்களைப் பூச்சி அழித்த காலத்தில் அச்சரக்குக்குக் கிராக்கி ஏறிற்று. ஒலிவ மரங்களை வெட்டி வீழ்த்திவிட்டுத் திராட்சை நட்டோரும் உண்டு. பிறகு பிரெஞ்சுத் தோட்டங்கள் மீண்டும் தழைத்தன. 1892இல் பிரான்சு சுங்கவரியை உயர்த்தியது. கிரேக்கத் திராட்சையின் விலை சரிந்தது. 1893இல் கிரேக்க அரசே கடனைக் கட்ட வழியின்றிக் கைவிரித்தது. அரசே கைவிரித்தால், உழவன் எங்கே போவான்?

வறுமையோடு இன்னொரு விலங்கும் இருந்தது. அதன் பெயர் வரதட்சணை. உடன்பிறந்த பெண்களுக்குத் தட்சணை சேர்த்து மணம் முடிக்கும் வரை, ஆண்மகன் தன் மணத்தை நினைப்பது முறையன்று என்பது அங்கே ஊர்வழக்கு. தங்கை மூவர் இருந்தால், அண்ணனின் இளமை மூன்று தவணையில் கரையும்! கடல் கடந்து அவன் அனுப்பிய டாலரில் ஒரு பகுதி, உழுவதற்கு நிலமாகவில்லை. மாப்பிள்ளை வீட்டாரின் பைக்குப் போயிற்று. அந்த முறையைக் கிரேக்கச் சட்டம் ஒழித்தது 1983இல்தான்.

1890க்கும் 1920க்கும் இடையே ஏறத்தாழ 4 இலட்சம் கிரேக்கர் அமெரிக்கா சென்றனர். மிகப் பெரும்பாலோர் ஆண்கள். சிலர் இருப்புப் பாதை போட்டனர். சிலர் ஆலையில் உழைத்தனர். சிறுவர் பலர் தெருவோரத்தில் காலணிக்கு மெருகிட்டனர். அச்சிறுவர்களைக் கப்பற் செலவு கொடுத்து அழைத்துவந்து, கூலியைத் தாமே சுருட்டிக்கொண்டவர்களும் கிரேக்கரே! சுரண்டுபவனுக்குத் தன்னினம் என்றும் பிற இனம் என்றும் வேற்றுமை ஏது?

கூலி வேலையிலிருந்து தப்ப, அவர்கள் கண்ட வழிகளில் ஒன்று மிட்டாய்த் தொழில். சிகாகோ நகரம் அத்தொழிலின் பள்ளிக்கூடம் ஆயிற்று. அங்கே செம்புக் கொப்பரையில் பாகு காய்ச்சவும், பதம் பார்க்கவும், பளிங்குப் பலகையில் கொட்டி இழுத்து முறுக்கவும் கற்றனர். கற்றபின் சிற்றூர்களை நாடிப் பரவினர். இந்தியானா மாநிலத்துக் கொலம்பஸ் ஊரிலே 1900இல் சஹராக்கோ உடன்பிறப்பினர் மூவர் கடை திறந்தனர். பளிங்கனைய கல்லில் சோடா ஊற்று அமைத்தனர். 1908இல் தானே இசைக்கும் ஜெர்மானிய இசைப்பெட்டியை வாங்கி வைத்தனர். அயோவா மாநிலத்து வில்டனில் 1910இலும், இந்தியானாவின் கோஷனில் 1912இலும் இத்தகைய கடைகள் எழுந்தன. குளிர்காலத்தில் மிட்டாய், கோடையில் ஐஸ்கிரீம். விடியுமுன் அடுப்பு மூட்டி, நள்ளிரவில் கடையடைத்து, கடைக்குப் பின்னேயோ மேல்மாடியிலோ படுத்துறங்கிய வாழ்வு அது. 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு இருந்தபோது, மதுக்கடை மூடிய ஊர்களில் மக்கள் கூடிப் பேச இந்த சோடாக் கடைகள் இடந்தந்தன.

ஊரார் அன்பு காட்டினரா? இனிப்பை ஏற்றவர்களில் பலர், அதைக் கிண்டிய கையை ஏற்கவில்லை. 1909 பிப்ரவரியில், நெப்ராஸ்கா மாநிலத்துத் தென் ஒமாகாவில், கிரேக்கர் ஒருவரால் காவலர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். குற்றம் செய்தவரை விசாரிக்க நீதிமன்றம் இருந்தது. ஆனால் கும்பலோ, பிப்ரவரி 21இல் கிரேக்கர் குடியிருப்பு முழுவதையும் சூறையாடிக் கொளுத்தி, அங்கிருந்தோரை ஊரைவிட்டே விரட்டியது. ஒருவன் செய்த கொலைக்கு ஓரினமே பொறுப்பாம்! 1920களில் கூ கிளக்ஸ் கிளான் கூட்டம், கிரேக்கர் கடைகளைப் புறக்கணிக்கத் தூண்டியது. 1924ஆம் ஆண்டுச் சட்டம், கிரேக்கத்திலிருந்து ஆண்டுக்கு 100 பேருக்கே குடியேற இடமளித்தது. தேசவாரியாக இப்படிப் பங்கிட்ட முறை 1965இல்தான் ஒழிந்தது.

எதிர்ப்பைக் கண்டு அவர்கள் ஒடுங்கிவிடவில்லை. 1922இல் அட்லாண்டாவில் அகெபா என்னும் சங்கம் கண்டனர். அது ஆங்கிலத்தையே தன் மொழியாக்கி, குடியுரிமை பெறுமாறு மக்களை ஊக்கியது. மறு ஆண்டே, கிரேக்க மொழியையும் திருச்சபையையும் காக்க மற்றொரு சங்கம் முளைத்தது. பாப்படோப்பூலோஸ் என்பார் பலர் பாப்பஸ் என்று பெயரைச் சுருக்கிக்கொண்டனர். வாழ்வதற்காகப் பெயரையே நறுக்க வேண்டிய நிலை எத்தகையது என்பதை எண்ணிப் பாருங்கள்!

பின்னர்க் காலம் மாறிற்று. 1942இல் போர்க்காலச் சர்க்கரைப் பங்கீடு வந்தது. அதன்பின் நெடுஞ்சாலைகளும், பெருவணிகக் கடைகளும், ஆலை மிட்டாய்களும் வந்தன. பிள்ளைகள் கல்லூரிக்குச் சென்றனர், கொப்பரைகள் ஆறின. மகன் தந்தையின் கொப்பரையைத் தொடாமல் போனதை இழிவென்றோ துரோகமென்றோ நாம் கருத மாட்டோம். தந்தை பாடுபட்டதே அதற்காகத்தான்.

இவ்வரலாற்றில் நாம் காணும் உண்மை ஒன்று உண்டு. கிரேக்கன் என்றால் மிட்டாய்க்காரன் என்று, அது குருதியிலேயே ஊறிய தொழில்போல, அமெரிக்கச் சிற்றூர்கள் நம்பின. ஆனால், கப்பலேறியபோது அவர்களில் பெரும்பாலோர் திராட்சைக் கொடியும் ஆட்டு மந்தையும் அறிந்தவர்களே; பாகின் பதம் அறியாதவர்கள். தேவை துரத்தியது, கற்றார்கள். வாய்ப்புக் கிடைத்தது, வென்றார்கள். வேறு வழி திறந்தது, அவர்கள் மக்கள் அத்தொழிலை விட்டார்கள். ஒரு தலைமுறையில் வந்த தொழில், அடுத்த தலைமுறையில் போயிற்று. தொழில் பிறப்பில் இல்லை, பயிற்சியில் இருக்கிறது. இன்னாருக்கு இன்ன தொழிலே விதி என்று எவரேனும் உரைத்தால், தோழர்களே, அவரிடம் வில்டன் ஊர் மிட்டாய்க் கடையைப் பற்றிச் சொல்லுங்கள்!