தார்க் கடதாசிக் கொட்டிலுக்குள் தொடங்கிய வழக்கு

வகுப்புக்குள்ள குடை பிடிச்சுக்கொண்டு படிச்சிருக்கிறீங்களா? அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலத்தில், ஃபாம்வில் எண்ட சின்ன நகரத்துப் பிள்ளைகள் அப்படியும் படித்திருக்கிறார்கள். அங்குள்ள றொபேட் ரூசா மோட்டன் உயர்நிலைப் பாடசாலை 1939இல் கறுப்பினப் பிள்ளைகளுக்காகக் கட்டப்பட்டது. 180 பேருக்கான கட்டடம். 1950 அளவில் அதில் 450 பேருக்கு மேல். வெள்ளையர் பாடசாலையில் உடற்பயிற்சிக் கூடமும் சிற்றுண்டிச்சாலையும் இருந்தன. இங்கே இரண்டும் இல்லை. புதுக் கட்டடம் கேட்ட பெற்றோருக்குக் கிடைத்தது, பலகையில் தார்க் கடதாசி ஒட்டிய கொட்டில்கள். மழை பெய்தால் ஒழுகும். அடுப்புக்குப் பக்கத்தில் இருப்பவருக்கு வேர்க்கும், தள்ளி இருப்பவர் குளிரில் நடுங்குவார்.

1951 ஏப்ரல் 23. பேருந்து நிலையத்தில் மாணவர்கள் சிலர் சிக்கலில் மாட்டியிருக்கிறார்கள் எண்டு அதிபருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. அவர் வெளியே ஓட, மாணவர் எல்லாரும் மண்டபத்துக்கு அழைக்கப்பட்டார்கள். மேடையில் நின்றது 16 வயது பார்பரா ஜோன்ஸ். ஆசிரியர்களை வெளியே போகச் சொல்லிவிட்டுப் பேசினாள். பாடசாலையே வெளிநடப்புச் செய்தது. பகிஷ்கரிப்பு இரண்டு கிழமை நீடித்தது.

பிள்ளைகள் கேட்டது நல்ல கட்டடம் மட்டும்தான். சட்டத்தரணிகள் ஒலிவர் ஹில்லும் ஸ்பொட்ஸ்வுட் றொபின்சனும், "இனப் பிரிப்பையே எதிர்ப்பதெண்டால் வாறம்" என்ற நிலைப்பாட்டில் நின்றார்கள். பெற்றோரும் பிள்ளைகளும் சம்மதித்தார்கள். அந்த வழக்கு, 1954இல் பாடசாலை இனப் பிரிப்பைச் சட்டவிரோதமாக்கிய பிரவுண் வழக்கின் ஐந்து வழக்குகளில் ஒன்றானது. ஐந்தில் மாணவர் போராட்டத்தில் தொடங்கியது இது ஒன்றுதான்.

கனபேர் கதையை இதோட முடிச்சிடுவினம். ஆனால் விலை அதுக்குப் பிறகுதான் கொடுக்கப்பட்டது. பார்பராவைப் பாதுகாப்புக்காக அலபாமாவில் இருந்த மாமா வீட்டுக்கு அனுப்பினார்கள். 1959இல், கறுப்பின, வெள்ளையினப் பிள்ளைகளை ஒன்றாகப் படிக்க வைப்பதை விட, பிரின்ஸ் எட்வேட் மாவட்டம் அரச பாடசாலைகள் அத்தனையையும் இழுத்து மூடியது. வெள்ளையினப் பிள்ளைகளுக்குத் தனியார் பாடசாலை திறந்தது. கறுப்பினப் பிள்ளைகள் சிலர் வெளியூர் உறவினரிடம் போனார்கள், சிலர் தேவாலயங்களில் எழுத்துப் படித்தார்கள், பலருக்கு ஒன்றுமே இல்லை. உயர்நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு 1964இல்தான் அரச பாடசாலைகள் திரும்பத் திறந்தன.

ஐந்து வருசம். எட்டு வயதில் விட்டவருக்குப் பதின்மூன்று வயது.

மோட்டன் கட்டடம் இப்போது அருங்காட்சியகம். அங்கே நினைக்கப்பட வேண்டியவர்கள், மேடையில் பேசிய அந்தப் பெண்ணும், தாங்கள் கேட்காத தண்டனையை அனுபவித்த அந்தச் சின்னப் பிள்ளைகளும்தான்.